ஜார்ஜ் டவுனில் கடைசி நாள்: நீண்ட பயணத்தில் இருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுன் நகரில் நானும் என் கணவரும் மூன்று முறை தங்கியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் மூன்று வாரங்களுக்குக் குறையாது. மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று தங்குபவர்கள், அந்த நகரத்தை விட்டுக் கிளம்பும் நாளைப் பற்றி எங்களிடம் கேட்டவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இரண்டு நாள் சுற்றுலாவாக வருபவர்களுக்கு இவற்றில் பாதி பொருந்தாது.

கடைசி நாளுக்கென்று தனியாக யோசிக்க என்ன இருக்கிறது?

மூன்று வாரம் ஒரே ஊரில் இருந்தவருக்குப் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் முடிந்திருக்கும். முடித்துவிட்டுப் போக வேண்டியவைதான் மிச்சமிருக்கும். சலவைக்குப் போட்ட துணி, விடுதியில் கட்ட வேண்டிய பாக்கி, படித்து முடித்த புத்தகங்கள், பையின் அடியில் சேர்ந்துபோன சில்லறை, அடுத்த நாட்டுக்கான படிவம் என்று ஒவ்வொன்றும் அரை மணி நேரம்தான் கேட்கும் என்றாலும், ஐந்தாறு அரை மணி நேரங்கள் சேர்ந்தால் கடைசி நாள் அவற்றிலேயே கரைந்துவிடும். அதனால் இந்த வேலைகள் அனைத்தையும் முந்தைய நாள் நண்பகலுக்குள் முடித்துவிடுகிறோம். கடைசி நாளில் புதிதாக எதையும் பார்ப்பதில்லை என்பது எங்கள் இரண்டாவது விதி. ஏற்கனவே பிடித்துப்போன கடைக்கும் ஏற்கனவே நடந்த தெருவுக்கும் மீண்டும் ஒரு முறை செல்வதற்கே அந்த நாளை வைத்துக்கொள்கிறோம்.

பினாங்கு மலைக்கும் கெக் லோக் சி ஆலயத்துக்கும் இன்னும் போகவில்லை. கடைசி நாளில் போய்விட்டு வரலாமா?

வேண்டாம் என்பதே என் விடை. இரண்டும் பார்க்கத் தகுந்தவைதாம். மலைக்குச் செல்லும் கம்பிவட ரயில் 1923 முதல் இயங்கிவருகிறது. மலையின் உச்சி 833 மீட்டர். கெக் லோக் சியின் கட்டுமானம் 1890-இல் தொடங்கியது. அங்குள்ள, கருணைத் தெய்வமான குவான் யின்னின் வெண்கலச் சிலை 30 மீட்டருக்கும் மேல் உயரமானது. ஆனால் இரண்டுமே ஆயர் ஈத்தாம் பக்கம், நகர மையத்திலிருந்து விலகி இருக்கின்றன. மலை ரயிலில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. விடுமுறை நாள் என்றால் கேட்கவே வேண்டாம். மாலையில் விமானத்தை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பவர் கடிகாரத்தைப் பார்ப்பாரே தவிர மலையைப் பார்க்க மாட்டார். பார்க்காமல் விட்டதை அடுத்த முறைக்கு விட்டுவைப்பதில் ஒரு குறையும் இல்லை.

நாளை எத்தனை மணிக்குத் தொடங்குவது நல்லது?

இந்திய நேரக் கணக்கோடு வருபவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொண்டது. அதன் பிறகு மேற்கோரத்தில் உள்ள பினாங்கில், எந்த மாதமானாலும் சூரியன் காலை 7 மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் உதிக்கிறது. ஆறு மணிக்கு எழுந்து வெளியே வந்தால் நடு இரவுபோல் இருக்கும். ஆறரைக்குக் கிளம்பினால் போதும்.

ஜார்ஜ் டவுன் தீவின் வடகிழக்கு முனையில் இருப்பதால், சூரியன் எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தின் மேல் எழுகிறது. மாலையில் தீவின் மலைகளுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. எனவே கடலோரத்தில் சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில்தான் பார்க்க வேண்டும். வெல்ட் கரையை ஒட்டி, கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றிக் கட்டப்பட்ட சீனக் குலத்தவரின் படகுத்துறைக் குடியிருப்புகள் உள்ளன. சியூ, லிம், டான், லீ, இயோ என்று அந்தந்தக் குலப் பெயராலேயே அவை வழங்குகின்றன. வீடுகள் குறைவாக உள்ள டான் துறையின் முனை விடியலுக்கு ஏற்றது. சியூ துறை பெரியது, அழகானது; ஆனால் அங்கே பலகைப் பாதையின் இருபுறமும் மக்கள் வாழ்கிறார்கள். பலகை ஒவ்வொன்றும் காலடிக்குக் குரல் கொடுக்கும் என்பதால், காலை 9 மணிக்கு முன் அங்கே நுழையாமல் இருப்பதுதான் மரியாதை.

பசியாற எங்கே செல்லலாம்?

கேள்வியிலேயே ஊர் மணம் வந்துவிட்டது. மலேசியத் தமிழர்கள் காலை உணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்றுதான் சொல்கிறார்கள், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் அது பாதி நலவிசாரிப்பு. எந்தக் கடை சிறந்தது என்ற பட்டியலை நான் தரப்போவதில்லை. மூன்று வாரத்தில் உங்கள் காலுக்குத் தானாகப் பழகிய கடை ஒன்று இருக்கும், அங்கே செல்லுங்கள்.

எங்களுக்கு அது ஒரு மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளை மலேசியா முழுவதும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ‘மாமா’ என்ற நம் சொல்தான் மலாயில் ‘மாமாக்’ என்ற வடிவம் எடுத்திருக்கிறது. இரண்டு குவளைகளுக்கு இடையே கையகலத்தில் தொடங்கிக் கைநீளத்துக்கு இழுத்து ஆற்றும் ‘தே தாரிக்’ என்ற பால் தேநீர் மேசைக்கு வரும்போது, விளிம்பில் ஒரு விரல் அளவுக்கு நுரை நிற்கும். அதை உடனே குடிக்காமல் நுரை பாதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பது என் கணவரின் பழக்கம். மாற்றுச் சுவை வேண்டுபவர்கள் சீனக் காப்பிக் கடைகளில் கரியடுப்பில் வாட்டிய ரொட்டியைக் காயா தடவிச் சாப்பிடலாம். காயா என்பது தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை ஆகியவற்றை ரம்பை இலையோடு கிண்டி எடுக்கும் விழுது. அதனுடன் வரும் அரைவேக்காட்டு முட்டையில் சோயாச் சாறும் வெள்ளை மிளகுத்தூளும் விட்டுக் கலக்கிக் குடிப்பது உள்ளூர் முறை. எனக்கு அது இன்றுவரை பிடிபடவில்லை.

மீண்டும் நடப்பதற்கு எந்தத் தெருக்களைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே ஒரு தெரு என்றால், முன்பு பிட் தெரு என்று வழங்கிய காப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. 1818-இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கினால், ஊதுவத்திப் புகை எப்போதும் சூழ்ந்திருக்கும் குவான் யின் ஆலயமும், குயின் தெருவை நோக்கிக் கோபுரம் எழுப்பிய, 1833-ஆம் ஆண்டைச் சேர்ந்த மகா மாரியம்மன் கோவிலும், சூலியா என்று வழங்கிய தமிழ் முஸ்லிம் சமூகத்தின் தலைவராக இருந்த காதிர் முகைதீன் 1801-இல் நிறுவிய பள்ளிவாசலும் பதினைந்து நிமிட நடைக்குள் வந்துவிடுகின்றன. வெள்ளிக்கிழமையாக இருந்தால் நண்பகல் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் பக்கம் வேடிக்கை பார்க்கச் செல்ல வேண்டாம்.

ஆனால் இந்தக் கோவில்களையும் பள்ளிவாசலையும் முதல் வாரத்திலேயே பார்த்திருப்பீர்கள். கடைசி நாளில் நான் பரிந்துரைப்பது பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு நடப்பது. கடற்கரைத் தெரு என்று பொருள்படும் லெபு பந்தாயில் நின்று பார்த்தால் கடலே தெரியாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் கரை கிழக்கே நகர்ந்துவிட்டது. தெருவின் பெயர் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. அங்கிருந்து சூலியா தெருவிலோ சீனத் தெருவிலோ கடலை நோக்கி நடந்தால், பலகையில் தெருப் பெயருக்கு முன் ‘காட்’ என்றொரு சொல் சேர்ந்திருக்கும். இந்தியாவில் ஆற்றுக்கு இறங்கும் படித்துறையைக் குறிக்கும் அதே சொல்தான் அது. அந்தச் சொல் தொடங்கும் இடத்தில் ஒரு காலத்தில் நிலம் முடிந்து தண்ணீர் தொடங்கியது என்று வைத்துக்கொண்டு நடந்தால், கால் கடலுக்குள் நடப்பதுபோலவே இருக்கும்.

நடக்கும்போது அஞ்சடியை விட்டு இறங்காதீர்கள். கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியாக ஓடும் கூரையிட்ட நடைபாதையை இங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஐந்து அடி அகலத்துக்கு வழி விட வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து வந்த பெயர். வெயிலுக்கும் மழைக்கும் அதைவிட நல்ல குடை இல்லை. சில இடங்களில் மோட்டார் சைக்கிளும் பூந்தொட்டியும் வழியை அடைத்திருக்கும். இறங்கி ஏற வேண்டியதுதான்.

ஆர்மீனியத் தெருவின் சுவரோவியங்களை மறுபடியும் பார்க்கலாமா?

பார்க்கலாம், காலை 9 மணிக்கு முன். 2012-இல் லிதுவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த, சைக்கிளில் செல்லும் இரு குழந்தைகளின் ஓவியத்துக்கு முன்னால் பிறகு வரிசை சேர்ந்துவிடும். ஸ்வெட்டன்ஹாம் துறையில் பயணக் கப்பல் நிற்கும் நாளில் அந்தத் தெருவையே தவிர்ப்பது நல்லது. அதே தெருவின் 120-ஆம் எண் வீட்டுக்கு அவ்வளவு கூட்டம் இருக்காது; சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் சென் 1910-இல் தம் இயக்கத்தின் தென்கடல் அலுவலகமாக வைத்திருந்த வீடு அது.

அறையை நண்பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும்; விமானம் இரவில். இடைப்பட்ட நேரத்தை எப்படிக் கழிப்பது?

பெரும்பாலான விடுதிகள் மாலைவரை பைகளை வைத்துக்கொள்ளும். குளிப்பதற்கு ஒரு பொதுக் குளியலறை உண்டா என்பதை முந்தைய இரவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 12 மணியிலிருந்து 4 மணிவரை இந்த ஊரில் நடப்பது வீண் துன்பம். ஈரக்காற்றும் வெயிலும் சேர்ந்து ஆளைக் கசக்கிவிடும்.

அந்த நேரத்தில் நாங்கள் மதிய உணவை மெதுவாக முடிக்கிறோம். நாசி கண்டார் என்றால் சோறும் பல வகைக் குழம்பும். காவடிபோல் தோளில் கம்பு வைத்து இருபுறமும் சோற்றுப் பானையும் குழம்புப் பானையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றுவந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களிடமிருந்து வந்த உணவு இது. தோளில் சுமப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே பெயராயிற்று. எல்லாக் குழம்பையும் கலந்து சோறு மூழ்கும்படி ஊற்றச் சொல்வதற்கு ‘பஞ்சிர்’ என்பார்கள். வெள்ளம் என்று பொருள். புளிப்பு விரும்புபவர்களுக்கு அசாம் லக்சா இருக்கிறது. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்த புளிச்சாற்றில் தடித்த அரிசி நூடுல்ஸ், அதன் மேல் பொடியாக நறுக்கிய இஞ்சிப்பூ மொட்டு, கரண்டி முனையில் கறுப்பாக இறால் விழுது. பிறகு ஒரு கிண்ணம் செண்டோல் என்ற குளிர்ந்த தேங்காய்ப்பால் இனிப்பு.

உணவுக்குப் பின் எங்கள் இடம் நார்தம் சாலையின் பழைய புராட்டஸ்டண்டு கல்லறைத் தோட்டம். விசித்திரமான தேர்வு என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. 1786-இல் இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794-இல் மலேரியாவில் இறந்து அங்கேதான் புதைக்கப்பட்டார். கல்லறைகளின் மேல் ஈழத்தலரி மரங்கள் கவிந்திருக்கின்றன. உதிர்ந்த வெள்ளைப் பூக்கள் கருங்கல் எழுத்துகளின் பள்ளத்தில் கிடக்கும். நகரத்தின் நடுவே, கட்டணமும் கூட்டமும் இல்லாமல் ஒரு மணி நேரம் நிழலில் இருக்கக் கிடைக்கும் இடங்கள் அதிகமில்லை. கொசு மட்டும் உண்டு.

கிளம்பும் நாளன்று துணியைச் சலவைக்குப் போடலாமா?

கூடாது. முதல் முறை நாங்கள் அதைத்தான் செய்தோம். காலையில் ஒரு சிறிய சலவைக் கடையில் ஐந்து கிலோ துணியைக் கொடுத்தோம். மதியம் மூன்று மணிக்குத் தருவதாகச் சொன்னார்கள். மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்குக் கைக்கு வந்த மூட்டையில் கால்சட்டைகள் எல்லாம் ஈரம். அவற்றை நெகிழிப் பையில் சுற்றிக்கொண்டு விமானம் ஏறி, அடுத்த ஊரில் விடுதி அறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டோம். இரண்டு நாள் அறையில் அந்த வாடை இருந்தது. இப்போது ‘டோபி’ என்ற பலகையுடன் இரவு பகலாகத் திறந்திருக்கும் தானியங்கிச் சலவையகங்களில், முந்தைய நாளே நாங்களாகத் துவைத்து உலர்த்தி எடுத்துக்கொள்கிறோம்.

மிச்சமிருக்கும் வெள்ளியையும் சில்லறையையும் என்ன செய்வது?

ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் ‘வெள்ளி’ என்பார்கள். தாள்களைக் காப்பித்தான் கெலிங் சாலையிலோ லிட்டில் இந்தியாவிலோ உள்ள நாணய மாற்றுக் கடைகளில் மாற்றிக்கொள்ளலாம். நாணயங்களை யாரும் வாங்க மாட்டார்கள். எனவே கடைசி மூன்று நாட்களில் தேநீருக்கும் பேருந்துக்கும் சில்லறையாகவே கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். பேருந்தில் ஓட்டுநர் மீதி தருவதில்லை என்பதால் சரியான சில்லறை அங்கே பெருமதிப்புடையது. வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி என்று 2017 முதல் சுற்றுலா வரி உண்டு. அது உங்கள் வாடகையில் சேர்ந்துள்ளதா என்று முதல் நாளே கேட்காதவர்கள், கடைசிக் காலையில் இருபது நாளுக்கு 200 வெள்ளி எடுத்து வைக்க நேரிடலாம்.

என்ன வாங்கிச் செல்வது?

பை ஏற்கனவே நிறைந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: சௌரஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஊறல். நம் சமையலறைகளில் கொட்டையையும் பத்திரியையும்தான் தெரியும். பினாங்கில் அதன் வெளிச்சதையைச் சீவிச் சர்க்கரையில் ஊறவைத்தும் உலர்த்தியும் விற்கிறார்கள், சாறாகவும் பிழிகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து நட்ட மரங்களின் வழி வந்த பழக்கம் இது. உலர்ந்த வகையை வாங்குங்கள்; ஊறல் கசியும். அதே சந்தையின் மேல்தளத்தில் பழைய புத்தகக் கடைகள் உள்ளன. படித்து முடித்தவற்றை அங்கே தள்ளிவிட்டு வரலாம். விலை பேசினால் மனம் நோகும். கொடுத்துவிட்டு வருவதே நிம்மதி. துரியான் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கடையிலேயே உண்டுவிட வேண்டும். விடுதியிலும் விமானத்திலும் அதற்கு இடமில்லை.

தங்கிய நாட்களின் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்வரை விசா இல்லாமல் தங்க அனுமதி அளிக்கப்பட்டுவருகிறது. நடப்பு விதியைக் கிளம்புமுன் உறுதி செய்துகொள்ளுங்கள். வந்த நாளையும் முதல் நாளாகச் சேர்த்து எண்ணுவதே பாதுகாப்பு. 30-ஆம் நாளையே கடைசி நாளாக வைத்துக்கொண்டால், விமானம் ரத்தானால் சிக்கல். இரண்டு நாள் இடைவெளி விடுவது எங்கள் வழக்கம். அடுத்து தாய்லாந்து செல்பவர்கள், 2025 மே 1 முதல் கட்டாயமாகியுள்ள மின்னணு வருகை அட்டையை வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும்.

விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

விமான நிலையம் பாயான் லெப்பாசில், நகரத்திலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. தூரம் குறைவுதான், ஆனால் வழியில் 1972 முதல் வளர்ந்த மின்னணுத் தொழிற்பேட்டை இருப்பதால், மாலை 5 மணிக்கு மேல் ஆலைகள் விடும்போது சாலை அடைத்துக்கொள்ளும். காலையில் அரை மணி நேரம் ஆகும் அதே பயணத்துக்கு மாலையில் ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். 401இ, 102 ஆகிய பேருந்துகள் செல்கின்றன. கையில் இரண்டு பைகளுக்கு மேல் இருந்தால் வாடகைக் காரே மேல்.

பழகியவர்களிடம் எப்படி விடைபெறுவது? இது எங்களுக்கு எப்போதும் சங்கடமாக இருக்கிறது.

எங்களுக்கும்தான். அன்பளிப்பு வாங்கிக் கொடுப்பதா, படம் எடுத்துக்கொள்வதா என்று முதல் முறை நிறைய யோசித்தோம். இப்போது வழக்கமான நேரத்தில், வழக்கமான மேசையில் அமர்ந்து, பணம் கொடுக்கும்போது சொல்கிறோம். சென்ற முறை மாமாக் கடைக்காரரிடம் நான், "பாய், இன்னைக்கு ராத்திரி கிளம்புறோம்" என்றபோது, அவர் கல்லாவை மூடிவிட்டு, "அப்படியா தங்கச்சி, அடுத்து எங்க?" என்று கேட்டார். வியட்நாம் என்றேன். "அங்க தேத்தண்ணி சரியா இருக்காதே" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். அவ்வளவுதான்; அடுத்த மேசைக்காரர் ரொட்டி கேட்டுக் கூப்பிட்டார்.

வயதானவர்கள் நடத்தும் கடைகளுக்கு மட்டும் தவறாமல் செல்லுங்கள். பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் முடிவுக்கு வந்தபின் நகர மையத்திலிருந்து பல குடும்பங்கள் வெளியேறின. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபின் கடைவீடுகள் பல விடுதிகளாகவும் காப்பியகங்களாகவும் மாறின. எங்கள் இரண்டாவது பயணத்தில் பிரம்புக்கூடை பின்னிக்கொண்டிருந்த ஒருவரின் கடை, மூன்றாவது பயணத்தில் பூட்டிக் கிடந்தது.

ரயிலில் கிளம்புகிறோம். பட்டர்வொர்த்துக்குப் பாலம் வழியாகச் செல்வதா, படகிலா?

படகில்தான். 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் தெற்கே இருப்பதால், நகரத்திலிருந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும், நெரிசல் வேறு. படகோ வெல்ட் கரையிலிருந்து புறப்பட்டு இருபது நிமிடத்துக்குள் சேர்ந்துவிடும். இறங்கும் இடத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்தே செல்லலாம். கோலாலம்பூருக்கு மின்ரயிலும், தாய்லாந்து எல்லையான பாடாங் பெசாருக்கு உள்ளூர் ரயிலும் அங்கிருந்து கிளம்புகின்றன. பழைய இரட்டைத் தளப் படகுகள் 2020-ஆம் ஆண்டோடு பயணிகள் சேவையிலிருந்து விலகி, 2023-இல் புதிய படகுகள் வந்துவிட்டன. ஏறியதும் எல்லோரும் முன்பக்க இருக்கைகளுக்கு ஓடுவார்கள். நீங்கள் பின்பக்கம் அமருங்கள். முதலில் படகுத்துறை வீடுகளின் மரக்கால்கள் மறையும், பிறகு வெள்ளைக் கட்டடங்களின் வரிசை தாழும். கொம்தார் கோபுரம் மட்டும் இறங்கும்வரை தெரிந்துகொண்டே இருக்கும்.